கடலூர்ச் சண்டையும் நமது சரித்திரச் சுரணையும்

அமெரிக்க சுதந்திர யுத்தத்தின் கடைசிச் சண்டை எங்கே நடந்தது என்று நம் பட்டதாரியைக் கேட்டால், யார்க்டவுன் என்பான். 1781 அக்டோபர், ஜெனரல் கார்ன்வாலிஸ் சரணடைந்தது என்று வருஷமும் பெயரும் சேர்த்தே சொல்வான். சரித்திரம் படித்தவன், என்னைப் போல் ஆங்கில இலக்கியம் படித்தவன், போட்டிப் பரீட்சைக்கு உருப்போட்டவன், மூவருக்கும் இதே பதில்தான். மூவரும் சொல்வது தப்பு. யார்க்டவுன் அமெரிக்க மண்ணில் நடந்த கடைசிப் பெரிய சண்டை, அவ்வளவே. அதற்குப் பிறகும் இருபது மாதம் யுத்தம் உலகத்தின் வேறு மூலைகளில் நடந்தது. அதன் கடைசிச் சண்டைகள் 1783 ஜூனில் கடலூரில் நடந்தன: தரையில் 13ஆம் தேதியும் 25ஆம் தேதியும், கடலில் 20ஆம் தேதி. நான் இதை எழுதுகிற சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் அந்த இடத்தில் இறங்கலாம்.

இதைச் சொன்னால் இரண்டு விதமான பதில் வருகிறது. முதலாவது நம் இலக்கிய நண்பர்களுடையது: இருக்கட்டுமே, அது சரித்திரப் பேராசிரியர் பாடு, கவிதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டாவது ஊர்ப்பெருமைக்காரர்களுடையது. அவர்கள் உடனே கடலூரில் ஒரு வளைவு கட்டக் கிளம்பிவிடுவார்கள். விருத்தாசலத்துப் பீங்கானில் ஐதர் அலி பொம்மை செய்து வருகிற மந்திரிகளுக்கெல்லாம் கொடுப்பார்கள். இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை. முதலாமவரோடு அதிகம், ஏனென்றால் இந்த மாதிரிப் பத்திரிகைகளைப் படிக்கிறவர் அவர்தான்.

நம் விமர்சனக் கட்டுரைகளில் தகவல் சொற்பமாகவும் அபிப்பிராயம் தாராளமாகவும் இருப்பது வழக்கம். நான் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1775 ஏப்ரல் 19-இல் லெக்சிங்டனிலும் கங்கார்டிலும் துப்பாக்கி வெடித்தது. ஜூன் 17-இல் பாஸ்டனுக்கு எதிரே பங்கர் ஹில் சண்டை. 1777 அக்டோபரில் சரடோகாவில் பர்கோய்ன் என்ற ஆங்கிலத் தளபதி தன் படையோடு சரணடைந்தான். இந்தச் சரணாகதிதான் பிரான்ஸுக்குத் தைரியம் கொடுத்தது. 1778 பிப்ரவரியில் அது அமெரிக்கர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்கப் பாடப் புத்தகம் இந்த இடத்தில் பிரெஞ்சு உதவி என்று இரண்டு வரி எழுதிவிட்டு மேலே போகும். நம் பாடப் புத்தகம் அந்த இரண்டு வரியை அப்படியே நகல் எடுக்கும். அந்த ஒப்பந்தம் நம் கரையில் என்ன செய்தது என்று இரண்டும் கேட்பதில்லை.

அது செய்தது இது. அதே வருஷம் ஆகஸ்டில் கம்பெனிப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் பிடித்தது. 1779 மார்ச்சில் மேற்குக் கரையில் மாஹேயைப் பிடித்தது. ஐதர் அலிக்கு வெடிமருந்தும் ஆயுதமும் வந்து சேர்கிற துறைமுகம் மாஹே. அது தன் பாதுகாப்பில் இருக்கிறது என்று அவர் எச்சரித்திருந்தார். கம்பெனி கேட்கவில்லை. ஐதருக்குப் பழைய பகைகளும் இருந்தன. மாஹே கடைசிக் காரணம். 1780 ஜூலையில் அவர் மலைகளைத் தாண்டிக் கர்நாடகத்துச் சமவெளியில், அதாவது நம் ஆர்க்காட்டுச் சீமையில், இறங்கினார். செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. சற்றுத் தூரத்தில் நின்ற மன்றோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். சரடோகாவில் மாஸசூஸெட்ஸ் விவசாயி ஜெயித்ததற்கும் காஞ்சிபுரத்துக் குளத்தில் பீரங்கி விழுந்ததற்கும் நடுவில் மூன்று வருஷத்துக்கும் குறைவு. சங்கிலியின் ஒரு கண்ணியும் விடுபடவில்லை.

1781-இல் யுத்தம் எங்கள் வெள்ளாற்றுக்கு வந்தது. ஜூன் 18 இரவு கம்பெனித் தளபதி அயர் கூட் ஆற்றைக் கடந்து சிதம்பரத்தைத் தாக்கினார். கோயில் மதிலுக்குள் ஐதரின் காவற்படை இருந்தது. கூட் தோற்றுத் திரும்பினார். ஜூலை 1-ஆம் தேதி, அதே ஆறு கடலில் கலக்கிற பரங்கிப்பேட்டையில், ஐதரின் பெரும்படையை அவர் தோற்கடித்தார். 1782-இல் பிரெஞ்சுத் துருப்புகள் அதே பரங்கிப்பேட்டையில் வந்து இறங்கி, ஏப்ரலில் கடலூரைப் பிடித்தன. சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, இலங்கையின் கிழக்குக் கரையில், நாகப்பட்டினத்துக்கு எதிரே, திருகோணமலையில் என்று சுஃப்ரெனும் ஹியூஸும் அந்த ஒரு வருஷத்தில் நான்கு முறை கடலில் மோதிக்கொண்டார்கள். டிசம்பர் 7-இல் ஐதர் இறந்தார். யுத்தம் நிற்கவில்லை.

1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் கடலூரைத் தாக்க வந்தார். உள்ளே புஸ்ஸி. வண்டிப்பாளையத்து மேடுகளின் பக்கம், கோட்டைக்குத் தெற்கே பிரெஞ்சுக்காரர்கள் மண் அரண் கட்டியிருந்தார்கள். 13-ஆம் தேதி ஒரே நாளில் ஆங்கிலேயர் பக்கம் செத்தவரும் காயம்பட்டவருமாகச் சுமார் ஆயிரம் பேர். 20-இல் கடற்சண்டை, பிரெஞ்சுக் கப்பல் 15, ஆங்கிலக் கப்பல் 18. மாலுமிகள் ஸ்கர்வியில் விழ, குடிதண்ணீரும் தீர, ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். 25-இல் புஸ்ஸியின் ஆட்கள் கோட்டையிலிருந்து வெளியே பாய்ந்து தோற்றார்கள். மாதக் கடைசியில் மெடியா என்ற கப்பல் வெள்ளைக் கொடியோடு வந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் பூர்வாங்கச் சமாதானம் ஜனவரி 20-ஆம் தேதியே கையெழுத்தாகிவிட்டது என்ற செய்தி அதில் இருந்தது. சமாதானம் கையெழுத்தாகி ஐந்து மாதத்துக்குப் பிறகு கடலூரில் ஆயிரம் பேர் விழுந்திருக்கிறார்கள்.

இதே மாதிரி ஒரு சம்பவம் அமெரிக்கர்களுக்கும் உண்டு. 1812-இல் ஆரம்பித்த யுத்தத்துக்கு 1814 டிசம்பர் 24-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. செய்தி வருவதற்குள் 1815 ஜனவரி 8-இல் நியூ ஆர்லியன்ஸ் சண்டை நடந்தது. அந்த முரணை அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சண்டையைப் பற்றிப் பிரபலமான பாட்டுக்கூட இருக்கிறது. கடலூருக்குப் பாட்டு இல்லை.

பங்கர் ஹில்லையும் கடலூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முன்னதில் ஆங்கிலேயர் மண் அரணை நோக்கி ஏறி, மேட்டைப் பிடித்து, ஆயிரத்துக்கு மேற்பட்டவரை இழந்தார்கள். பின்னதிலும் மண் அரணை நோக்கிப் போய், வெளி அரண்களில் இடம் பிடித்து, சுமார் ஆயிரம் பேரை இழந்தார்கள். எட்டு வருஷத்துக்கு நான்கு நாள் குறைவு. யுத்தத்தின் முதல் பெரிய சண்டைக்கும் கடைசிச் சண்டைக்கும் உருவம் ஒன்று. பங்கர் ஹில்லில் இன்று ஸ்தூபி நிற்கிறது. கங்கார்டுக்கு எமர்சன் 1837-இல் பாட்டு எழுதினார். அதை நம் அமெரிக்க இலக்கியத் தாளில் பாடமாக வைத்து, அந்தத் துப்பாக்கி வெடிக்கு உலகளாவிய அர்த்தம் உண்டு என்று நோட்ஸ் கொடுக்கிறோம். அந்த வெடி கடலூர்வரை நிஜமாகவே வந்து சேர்ந்தது என்று நான் படித்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

கடலூரில் விழுந்தவர்கள் யார்? நான் வங்கியில் எழுத்தர். ஒரு பேரேட்டைப் பார்த்தால் அதில் எந்தப் பத்தி யாருக்கு என்று முதலில் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்தக் காலத்துப் படைக் கணக்கில் ஐரோப்பிய அதிகாரிக்குப் பெயர் இருக்கும். ஐரோப்பியச் சிப்பாய்க்கு எண் இருக்கும். கறுப்புச் சிப்பாய்க்குத் தனிப் பத்தியில் இன்னொரு எண். பீரங்கி இழுத்தவன், மாடு ஓட்டியவன், அரிசி சுமந்தவள், கூடாரம் அடித்தவன், இவர்கள் படையைப் போலப் பல மடங்கு இருந்தவர்கள். இவர்களுக்குப் பத்தியே இல்லை. இரண்டு பக்கமும் நம்மவர்கள்தான். கம்பெனியின் சென்னைச் சிப்பாய்கள், வங்காளத்திலிருந்து கரையோரமாக நடத்தியே கொண்டுவரப்பட்ட சிப்பாய்கள் ஒரு பக்கம். பிரெஞ்சுக்காரரின் சிப்பாய்களும் மைசூர்ப் படையும் மறு பக்கம். பிலடெல்பியாவில் எழுதப்பட்ட ஒரு பிரகடனத்துக்காகவும் வெர்ஸாயில் போடப்பட்ட ஒரு கணக்குக்காகவும் இவர்கள் வண்டிப்பாளையத்தில் ஒருவரையொருவர் குத்திக்கொண்டார்கள். 25-ஆம் தேதிச் சண்டையில் காயம்பட்டுப் பிடிபட்ட ஒரு பிரெஞ்சு சார்ஜண்ட், பிற்காலத்தில் ஸ்வீடன் அரசனான பெர்னதாத் என்று ஒரு கதை. அவன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை என்று மறுப்பவர்கள் உண்டு. வந்தானா இல்லையா என்று தெரியாத ஒருவனைப் பற்றி இருநூறு வருஷமாக வாதம் நடக்கிறது. வந்தது நிச்சயமான ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. புஸ்ஸிக்கும் சுஃப்ரெனுக்கும் புதுச்சேரியில் வீதி கிடைத்தது.

சண்டையில் செத்தவர் சிறு பகுதி. ஐதர் கம்பெனிக்குத் தீனி கிடைக்காமல் இருக்கச் சென்னையைச் சுற்றிய கிராமங்களை எரித்தார். தஞ்சைச் சீமையை அவர் படை சூறையாடியது. ஐதரை வெள்ளைக்காரனை எதிர்த்த வீரர் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிக்கிறார்கள். கம்பெனி தன் படைக்குக் கடல் வழியாக அரிசி கொண்டுவந்தது. குடியானவனுக்கு யாரும் கொண்டுவரவில்லை. தஞ்சையில் சுவார்ட்ஸ் பாதிரியார் முன்கூட்டியே நெல் வாங்கி வைத்துப் பசித்தவர்களுக்குப் போட்டார். 1782-இல் சென்னையில் கஞ்சித்தொட்டி வைத்தார்கள். அதுதான் மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. வயல்கள் தரிசாகக் கிடந்தபோது இன்னொரு பயிர் மட்டும் செழித்தது: ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் கடன். பால் பென்ஃபீல்டு போன்ற கம்பெனி உத்தியோகஸ்தர்களே தங்கள் எஜமானனின் கூட்டாளிக்கு வட்டிக்குக் கொடுத்து, அதை விளைச்சலின்மேல் எழுதி வாங்கினார்கள். லண்டன் சர்க்கார் அந்தக் கடன்களை விசாரிக்காமலேயே ஒப்புக்கொண்டு, கர்நாடகத்து வருமானத்திலிருந்து தீர்க்க ஏற்பாடு செய்தது. பிற்காலக் கோரிக்கைகளை ஆராய 1805-இல் ஒரு குழு போட்டபோது அவற்றில் பெரும்பகுதி போலி என்று தள்ளப்பட்டது. கடன் பத்திரம் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவ்வளவு சுத்தமான மோசடியை நான் கதையில்கூடப் படித்ததில்லை.

இந்தக் கடன்களைப் பற்றித்தான் எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28-இல் பார்லிமெண்டில் பேசினார். ஐதர் சமவெளியில் இறங்கியதை அதில் அவர் வர்ணிக்கிற பகுதி ஆங்கிலப் பேச்சுக்கலைத் தொகுப்புகளில் விரும்பிச் சேர்க்கப்படுவது. பத்து வருஷத்துக்கு முன், 1775 மார்ச் 22-இல், அமெரிக்காவோடு சமரசம் வேண்டும் என்று பேசியவரும் இதே பர்க். அவருக்கு அமெரிக்காவும் ஆர்க்காடும் ஒரே சாம்ராஜ்யத்தின் ஒரே வியாதி. நம் ஆங்கில இலக்கிய மாணவனுக்கு முன்னது அரசியல், பின்னது அலங்காரம். அந்த வர்ணனையில் எத்தனை உருவகம், எத்தனை அடுக்கு என்று எண்ணி மார்க் வாங்குவான். எரிகிற ஊர் தன் ஊர் என்பது அவன் மண்டையில் ஏறுவதில்லை. ஏற வேண்டாம் என்பதே அந்தப் படிப்பின் ஏற்பாடு.

அமெரிக்கர்களுக்கு இது தெரிந்திருந்தது என்பது இன்னும் வெட்கக்கேடு. பென்ஸில்வேனியாக்காரர்கள் ஒரு வியாபாரக் கப்பலுக்குப் பீரங்கி பொருத்தி யுத்தக் கப்பலாக்கினார்கள். அதன் பெயர் ‘ஐதர் அலி’. 1782 ஏப்ரல் 8-இல், பிரெஞ்சுக்காரர் கடலூரைப் பிடித்த அதே மாதத்தில், ஜோஷுவா பார்னி என்ற காப்டன் அந்தக் கப்பலைக்கொண்டு டெலவேர் விரிகுடாவில் ‘ஜெனரல் மங்க்’ என்ற ஆங்கிலக் கப்பலைப் பிடித்தான். ஃபிலிப் ஃப்ரெனோ என்ற கவிஞர் அதைப் பாடினார். எங்கோ அட்லாண்டிக் கரையில் இருந்த கவிஞருக்கு நம் ஆர்க்காட்டுச் சீமையில் சண்டை போட்டவனின் பெயர் கவிதைக்குத் தகுந்த பொருளாகப் பட்டிருக்கிறது. நமக்கு?

நமக்கு வந்தியத்தேவன் போதும். ‘பொன்னியின் செல்வன்’ ஆரம்பிப்பது வீராணம் ஏரிக்கரையில். அந்த ஏரியின் வடகோடி எங்கள் ஊர்ப் பக்கம். ஆடிப் பெருக்கன்று அந்தக் கரையில் வந்த கற்பனைக் குதிரையைத் தேடி இன்றைக்கும் வாசகர்கள் வருகிறார்கள். படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கல்கி கெட்டிக்காரர், அவர் செய்ய நினைத்ததைச் செய்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குப் பின் இன்றுவரை சரித்திரம் என்றால் ராஜா, ரகசியம், சுரங்க வழி, இளவரசியின் புருவம் என்றே எழுதிக் குவித்தவர்களைச் சொல்கிறேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சரித்திரம் சௌகரியமானது. அதில் நாம் எப்போதும் ஜெயிக்கிறோம். அதில் யாரும் நமக்கு உறவில்லை. யாருடைய கடனும் நம் தலையில் விழாது. 1781 அப்படி இல்லை. அங்கே நாம் யார் பக்கம் நின்றோம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கஷ்டமான இடத்தில்தான் நாவலுக்கு வேலை.

நம் நவீனக் கவிஞர் இவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர் சிரிக்க யோக்கியதை உண்டா? எழுபதுகளில் வியட்நாமுக்காகத் தமிழில் கண்ணீர் விடாத பத்திரிகை குறைவு. வியட்நாமுக்காக வருந்தியது தப்பில்லை. ஆனால் அந்தக் கவிதைகளில் இருந்த குண்டும் குழந்தையும் செய்தித்தாளிலிருந்து வந்தவை. எழுதியவர் மண்ணில் இருந்து வந்தவை அல்ல. இன்னொரு வகைக் கவிஞர் அறைக்குள் உட்கார்ந்து இருத்தலின் வெறுமையை எழுதுகிறார். எரிந்த ஊர்மேல் கட்டின அறை அது என்று தெரிந்தால் வெறுமைக்கு ஒரு விலாசமாவது கிடைக்கும். கற்பனைக் குதிரைக்கும் இரவல் துக்கத்துக்கும் தரத்தில் வித்தியாசம் இருக்கலாம். காலடியைப் பார்க்காததில் இரண்டும் ஒன்று.

தமிழுக்கு இது வராது என்று யாரும் சொல்ல முடியாது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து தினப்படி எழுதினார்: சண்டை, வதந்தி, கப்பல், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எல்லாம் ஒரே மூச்சில், பேச்சும் கணக்கும் கலந்த வசனத்தில். அவர் 1761-இல் இறந்தார். அதோடு நிற்கவில்லை. அதே புதுச்சேரியில் இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். 1992-இல் அது அச்சாகியிருக்கிறது. வருஷங்களைப் பாருங்கள். நான் மேலே சொன்ன யுத்தம் முழுவதும் ஒரு தமிழன் தமிழில் எழுதிக்கொண்டிருந்த காலத்துக்குள் அடங்குகிறது. நம் இலக்கிய வட்டத்தில் அந்த நூலைப் பற்றி எத்தனை பேர் பேசிக் கேட்டிருக்கிறோம்? தெற்கே கும்மந்தான் கான்சாகிபு 1764-இல் தூக்கிலிடப்பட்டார். ‘கான்சாகிபு சண்டை’ என்று கிராமத்துக் கவிஞன் பாட்டுக் கட்டிவிட்டான். துபாஷிக்கும் பாட்டுக்காரனுக்கும் இருந்த சரித்திரச் சுரணை கல்லூரி வாசல் மிதித்த நமக்கு இல்லாமல் போயிருக்கிறது. ஆங்கிலப் படிப்பு மட்டும் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம் தமிழ்ப் பண்டிதர் சங்கத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வரமாட்டார். நம் நவீனர் காஃப்காவைத் தாண்டி அந்தப் பக்கம் போகமாட்டார். இடையில் இருக்கிற பதினெட்டாம் நூற்றாண்டு அனாதையாகக் கிடக்கிறது.

இலக்கியம் சரித்திரத்துக்குச் சேவகம் செய்ய வேண்டுமா என்று நண்பர் கேட்பார். வேண்டாம். நான் கேட்பது பாடப் புத்தகத்துக்கு யாப்பு அல்ல. கவிதைக்கு அனுபவம் வேண்டும் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். அனுபவம் என்பது தான் பிறந்த தேதியில் ஆரம்பிக்கிறது என்று யார் அவருக்குச் சொன்னது? வரி கட்டத் தயங்கி, கடனுக்குப் பயந்து, அதிகாரி முன் கைகட்டி, யார் ஜெயித்தால் நமக்கென்ன என்று சொல்கிற நம் மனோபாவத்துக்கு ஒரு வயது இருக்கிறது. அது புள்ளலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் வளர்ந்தது. அதை அறியாமல் எழுதுகிற அகக் கவிதை பாதி அகம்தான்.

இனி ஊர்ப்பெருமைக்காரருக்கு. அமெரிக்க சுதந்திரம் கடலூரில் பூர்த்தியாயிற்று என்று வளைவில் பொறிக்கு முன் அவர் கார்ன்வாலிஸைப் பின்தொடர வேண்டும். யார்க்டவுனில் தோற்றவர் 1786-இல் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்தார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் ராஜ்யத்தில் பாதியையும் இரண்டு பிள்ளைகளையும் வாங்கிக்கொண்டார். 1793-இல் வங்காளத்தில் நிரந்தர ஜமீன் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அங்கே விட்ட நிலத்தை இங்கே பிடித்தார்கள். 1783 சமாதானத்தில் அமெரிக்காவுக்கு சுதந்திரம், பிரான்ஸுக்குப் புதுச்சேரி திரும்பக் கிடைத்தது, கடலூர் மறுபடி கம்பெனிக்கு. கூட்டாளி நின்றுவிட்டதால் திப்பு 1784 மார்ச்சில் மங்களூரில் தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டார். 1801-இல் ஆர்க்காட்டுச் சீமை முழுவதும் கம்பெனி கலெக்டர் கைக்கு வந்தது. ஒரு கணக்கில் வரவு இருந்தால் இன்னொரு கணக்கில் பற்று இருந்தாக வேண்டும். அமெரிக்கர் தங்கள் வரவை வருஷா வருஷம் வாணவேடிக்கையோடு கொண்டாடுகிறார்கள். பற்று எழுதப்பட்ட பக்கம் நம்முடையது. அதற்கு வளைவு கட்டுவது விநோதமான பெருமை.

எனக்குத் தெரிந்து செய்ய வேண்டியவை சில உண்டு. வீரா நாயக்கரின் நாட்குறிப்பு கையில் வாங்கக்கூடிய விலையில் மறுபடி அச்சாக வேண்டும். ஆங்கில இலக்கிய வகுப்பில் பர்க்கின் ஆர்க்காட்டுப் பேச்சைத் திருவள்ளுவர் ஆண்டு தெரிந்த ஒரு ஆசிரியராவது வரைபடத்தை வைத்துக்கொண்டு நடத்த வேண்டும். இந்தப் பக்கத்து எழுத்தாளர் ஒருவர், ஒரே ஒருவர், வெள்ளாற்றங்கரையில் 1781 ஜூன் மாதத்தை எழுத முயல வேண்டும். ராஜா வேண்டாம், சேனாபதி வேண்டாம். கூட் தன் கடிதங்களில் அரிசி இல்லை, வண்டி இழுக்க மாடு இல்லை என்று ஓயாமல் புலம்பினார். வந்தியத்தேவனின் குதிரையைச் சற்று நேரம் மரத்தில் கட்டிவிட்டு அந்த மாட்டையும் அதை ஓட்டினவனையும் பற்றி எழுதட்டும். கூட்டின் கடிதங்களில் மாட்டுக்காவது இடம் இருந்தது. நம் இலக்கியத்தில் அதுவும் இல்லை.